கிக்குயு புல்லும் ரைடு-ஆன் மோவரும்: டர்பன் பக்கத்துப் பராமரிப்பு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ரைடு-ஆன் மோவர் (மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) ஓட்டுகிறவர்களுக்குக் கையேட்டில் உள்ள அட்டவணை மட்டும் போதாது. அது ஓடிய மணிக்கணக்கை வைத்துப் போட்டது. இங்கே வண்டியைக் கெடுப்பது ஈரமான கிக்குயு புல். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் மெத்தை போலத் தடித்துவிடும். தைப்பூசக் காவடிக்குக் கோயில் மைதானத்தைத் தயார் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

முதல் கவனம் டெக்குக்கு, அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டுக்கு. அடியில் அப்பிய புல் காய்ந்தால் காற்றோட்டம் குறைந்து, வெட்டிய புல் கொத்துக்கொத்தாக விழும். தகடும் துருப்பிடிக்கும். வெட்டிய அன்றே சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். சீலைத் தாண்டி ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் அச்சு) பேரிங்குக்குள் நீர் புகுந்தால் கிரீஸ் கெட்டுவிடும். பிளேடைக் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ, நுனியை மேலும் கீழும் அசைக்கையில் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

மழுங்கிய பிளேடு கிக்குயுவின் நார்த்தண்டை வெட்டாது, கிழிக்கும். ஓரிரு நாளில் நுனிகள் பழுப்பாகிவிடும். தீட்டியபின் நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்கள். கீழே சாயும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் அதிர்விலேயே பேரிங் தேய்ந்துபோகும்.

எஞ்சினில் பலர் மறப்பது குளிர்விக்கும் ஃபின்களை (மெல்லிய உலோகத் தகடுகளை). காற்றால் குளிரும் எஞ்சின் இது. மேல்மூடிக்குள் காய்ந்த புல் அடைத்தால் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். பருவத்துக்கு ஒருமுறையாவது மூடியைக் கழற்றித் துடையுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1.4 லிட்டர் ஆயில் பிடிக்கும். இந்த வெயிலுக்கு எஸ்ஏஇ 30 சரி. புதிய எஞ்சினில் முதல் மாற்றம் 5 மணிநேரத்தில், பிறகு 50 மணிக்கு ஒருமுறை. டிப்ஸ்டிக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் நீலப்புகை வரும், ஏர் ஃபில்டரிலும் ஆயில் ஊறும். ஃபில்டரை 25 மணிக்கு ஒருமுறை பாருங்கள். நுரைப்பஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி முழுக்க உலர்த்தலாம். காகித ஃபில்டரில் கம்ப்ரஸர் காற்று அடித்தால் கிழிந்துபோகும். அழுக்கானால் மாற்றிவிடுவதே நல்லது. பிளக் இடைவெளி பல எஞ்சின்களில் 0.76 மி.மீ.

புல்தரையில் ஒரு பக்கம் தாழ்ந்து வெட்டினால் டெக்கின் உயரத்தைச் சரிசெய்யும் இணைப்புகளைத் திருகும் முன் டயர் காற்றைப் பாருங்கள். பல மாடல்களில் முன்னே 14, பின்னே 10 பிஎஸ்ஐ.

பெல்ட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நீளம் பொருந்துகிறதே என்று வாங்கும் சாதாரண வி-பெல்ட், பிளேடை இயக்கும் ஒவ்வொரு தடவையும் வழுக்கிச் சூடேறும், ரப்பர் கருகும் வாசனை வரும். அராமிட் நார் (வெப்பம் தாங்கும் உறுதியான செயற்கை இழை) உள்ள, பார்ட் நம்பர் பொருந்தும் பெல்ட்டே நிற்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரை வண்டிக்கு வேலை குறைவு. பழைய பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகப் படியும். ஸ்டெபிலைஸர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து கொஞ்சநேரம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றவும். கடலோரத்தில் உப்புக்காற்று பேட்டரி முனைகளை அரிக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, கேபிளை இறுக்கியபின் மேலே வாசலின் பூசினால் போதும்.