குன்னூர் ஈரத்தில் ஒரு கோன் ஸ்டாண்டு

பள்ளி திறக்கும் சமயத்தில் யூனிஃபார்ம் தைக்கும்போது சின்ன நூல்கண்டு பாதியில் தீர்ந்துவிடும். இன்னொன்று வாங்க, குன்னூரில் மேட்டில் இருக்கும் பெட்போர்டிலிருந்து கீழே மார்க்கெட்டுக்கு இறங்கி ஏற வேண்டும். சரி என்று 5,000 மீட்டர் நூல் சுற்றிய பெரிய கோன் வாங்கினேன். வீட்டு மெஷினின் கம்பியில் அது உட்காரவில்லை. டம்ளரில் வைத்தால் கோன் ஆடி, நூல் இழுபட்டு, தையல் சுருங்கியது. அப்புறம்தான் கோனை நிறுத்தி வைக்க 350 ரூபாய்க்கு இந்த இரும்பு ஸ்டாண்டு வாங்கினேன்.

கோன் உருளக் கூடாது. அது அசையாமல் நிற்க, நூல் மேல்வழியாக உருவி வர வேண்டும். அதற்கு ஸ்டாண்டில் நூல் நுழைந்து வரும் கொக்கி கோனின் உச்சிக்கு நேர்மேலே இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் ஒரு விரல் தள்ளி இருந்தது. திருகைத் தளர்த்தித் திருப்பினேன். மெஷினில் நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் தொடவே இல்லை, தையல் முத்து முத்தாக விழுந்தது.

அடித்தட்டுதான் லேசு. வேகமாக மிதித்தால் நகர்கிறது. சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் கொக்கியில் துரு பிடித்து, வெள்ளைச் சட்டையின் காலரில் பழுப்புக் கோடு விழுந்தது. மனசே ஆறவில்லை. இப்போது தைக்க உட்காரும் முன் கொக்கியைத் துடைத்துவிடுகிறேன். கோன் வாங்கும்போது ஓவர்லாக் நூலா (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் நூல்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மெல்லிசு, கால்சட்டையின் நடுத்தையலுக்குத் தாங்காது.