சிறுநீரகக் கட்டி அறுவையில் கிளாம்ப்பை எப்போது எடுப்பது?

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. கட்டியை மட்டும் வெட்டி மீதியைக் காப்பாற்றும்போது அந்த ஓட்டத்தைச் சமாளிக்க முக்கியமாக மூன்று வழிகள். சிறுநீரகத் தமனியில் கிளாம்ப், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி, போட்டுத் தையல் முழுவதும் முடிந்தபின் எடுப்பது ஒன்று. கிளாம்ப்பே போடாமல் வெட்டுவது இன்னொன்று. கட்டியை எடுத்து, குழியின் அடியில் உள்தையல் போட்டவுடனேயே கிளாம்ப்பை விடுவிப்பது மூன்றாவது. நான் மூன்றாவதில் நிலைத்துவிட்டேன்.

முதல் வழியில் களம் உலர்ந்திருக்கும், கட்டியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஆனால் சிறுநீரகம் ரத்தமில்லாமல் இருக்கும் நேரம் நீளும். 25 நிமிடத்துக்குள் முடிக்கவே எல்லோரும் பார்ப்போம்.

கிளாம்ப் இல்லாத வழி, வெளியே துருத்தி நிற்கும் சின்னக் கட்டிகளுக்குப் பொருந்தும். ஆழமான கட்டியில் ரத்தம் விளிம்பை மறைத்துவிடும். இத்தாலியில் நடந்த கிளாக் (CLOCK) சோதனையில், கிளாம்ப் போடுவது, போடாதது என்ற இரண்டு முறைகளுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கிளாம்ப் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் கணிசமானோருக்குக் கடைசியில் அதைப் போடவேண்டியும் வந்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது தாமதமாக வரும் ரத்தக்கசிவு. கிளாம்ப் இருக்கும்போது, தையலில் சிக்காத தமனி சத்தமில்லாமல் கிடக்கும். அதன்மேல் குழியின் விளிம்புகளைச் சேர்க்கும் வெளித்தையலையும் போட்டு மூடிவிட்டால், பிறகு அது உள்ளேயே கசிந்து சூடோஅனியூரிசமாக (தமனிக்கு வெளியே ரத்தம் சேரும் பையாக) மாறலாம். நோயாளி வீட்டுக்குப் போய், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று திரும்பி வருவார். ஆஞ்சியோ செய்து எம்போலைசேஷன், அதாவது குழாய் வழியாக உள்ளே போய் அந்தத் தமனியை அடைப்பது, வரை போகவேண்டியிருக்கும். உள்தையல் முடிந்ததும் கிளாம்ப்பை விடுவித்தால், விட்டுப்போன தமனி அங்கேயே பீச்சியடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் மட்டும் எட்டு வடிவத் தையல் ஒன்று போட்டால் போதும். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. எங்கே கசிகிறது என்று தெரியாதபோது கை தானாகவே அகலமாகக் குத்தி இறுக்கும்; அப்படி நெரிபடுவது நல்ல திசு. கண்ணுக்குத் தெரிந்தால் சிறிதாகக் குத்தலாம். பின்னாளில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யும் என்பது மிஞ்சும் நல்ல திசுவைப் பெரிதும் பொறுத்தது என்பதால், இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

ரத்தம் உறையவைக்கும் ஜெல்லும் செல்லுலோஸ் துணியும் ஊறும் கசிவுக்கு உதவும், தமனிக்குத் தையல்தான். லேப்ராஸ்கோபியிலும் ரோபோவிலும், முடிக்கும் முன் வயிற்றின் வாயு அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தே ஆகவேண்டும். அந்த அழுத்தம் சிரைக் கசிவை அமுக்கி வைத்திருக்கும்.

முதல் வழியைவிட இதில் ரத்த இழப்பு கொஞ்சம் கூடும், அது உண்மை. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களிலும், ரத்தக்குழாய்கள் நுழையும் வாயிலை ஒட்டிய கட்டிகளிலும் என் அனுபவம் குறைவு; அங்கே இதுவே சிறந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். கிளைத் தமனியை மட்டும் பிடிக்கும் முறையைப் பற்றியும் அப்படித்தான். எந்த வழியானாலும் வெளித்தையல் முடியும்வரை தமனியில் போடும் சிறிய புல்டாக் கிளாம்ப்பை வயிற்றைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். திடீரென்று பெருக்கெடுத்தால் மறுபடி போட அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.