ஏழு செகண்ட் கணக்கை விடுங்கள்: பாட்டு பிட் போட எந்த வழி தேறும்?

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, பாட்டுகளைப் பிரித்து மேய்கிற சின்ன பாட்காஸ்ட் ஒன்று நடத்துகிறோம். போன வருடம் ஒரு எபிசோடில், இரண்டாவது இன்டர்லூடில் வயலின் கூட்டம் எந்த இடத்தில் நுழைகிறது என்று காட்ட 11 செகண்ட் பாட்டை ஓடவிட்டோம். மறுநாள் காலையில் யூடியூபில் எபிசோட் முடக்கம். நண்பர்கள் வட்டத்தில் சொன்னால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. ஏழு செகண்டுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர், இல்லை பத்து என்றார் இன்னொருவர், முப்பது வரைக்கும் தாராளமாகப் போடலாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் மூன்றாமவர். மூன்றும் தப்பு. அப்படி ஒரு செகண்ட் கணக்கு அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை, நம் சட்டத்திலும் இல்லை.

முப்பது எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. இணையத்தில் பாட்டு விற்ற கடைகள் வாங்கும் முன் 30 செகண்ட் கேட்கக் கொடுத்தன. அது கடைக்காரரும் இசைக் கம்பெனியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, 2010-ல் ஐடியூன்ஸ் அதையே நீளமான பாட்டுகளுக்கு 90 செகண்ட் ஆக்கியது. ஆங்கில விக்கிப்பீடியாவிலும் ஒரு 30 இருக்கிறது: பாட்டின் நீளத்தில் 10 சதவீதம் அல்லது 30 செகண்ட், எது குறைவோ அது. 4 நிமிடம் 20 செகண்ட் ஓடும் பாட்டு என்றால் 26 செகண்ட். ஒலித்தரத்தையும் இறக்க வேண்டும், அந்தத் துண்டைப் பற்றிக் கட்டுரையில் நிஜமாகவே பேசியிருக்கவும் வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அது அவர்கள் வீட்டு விதி. ஜெர்மன் விக்கிப்பீடியா இந்தச் சலுகையையே ஏற்பதில்லை.

சரி, கையில் இருக்கும் வழிகள் என்ன? அப்படியே பிட்டைப் போட்டுவிட்டு ஃபேர் யூஸ் (அனுமதி வாங்காமலே நியாயமான அளவு எடுத்தாள சட்டம் தரும் சலுகை) என்று நிற்பது, காசு கொடுத்து அனுமதி வாங்குவது, நாமே பாடியோ வாசித்தோ காட்டுவது, பாட்டையே போடாமல் ‘இந்த நிமிடத்தில் போய்க் கேளுங்கள்’ என்று கைகாட்டுவது. ராயல்டி இல்லாத இசை என்று இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பற்றிப் பேச வந்தவனுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஃபேர் யூஸ்: அமெரிக்காவில்

அமெரிக்க பதிப்புரிமைச் சட்டத்தின் 107-வது பிரிவு நான்கு கேள்வி கேட்கிறது. எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கு அடி விழுமா. நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு, ஒன்றில் தோற்றாலும் மற்றதில் ஜெயிக்கலாம். முக்கியமான விஷயம், இது யாரும் முன்கூட்டியே கையில் கொடுக்கும் பாஸ் இல்லை, வழக்கு வந்த பிறகு நீங்கள் எடுத்து வைக்கும் எதிர்வாதம். தோற்றால் வேண்டுமென்றே செய்ததாக முடிவாகும் பட்சத்தில் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகலாம்.

நீளம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மூன்று வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபங்கடெலிக் குழுவின் கிட்டார் துண்டு ஒன்று, இரண்டே செகண்ட். அதன் சுருதியை இறக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவினர் தங்கள் பாட்டில் சேர்த்தார்கள். இப்படிப் பிறர் ரெக்கார்டிலிருந்து துண்டு எடுத்துச் சேர்ப்பதற்குத்தான் சாம்பிள் என்று பெயர். 2005-ல் ஆறாவது சர்க்யூட் நீதிமன்றம் (சர்க்யூட் என்பது அமெரிக்காவின் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்) ‘லைசென்ஸ் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் செய்யாதே’ என்று ஒரே போடாகப் போட்டது. பதினொரு வருடம் கழித்து மடோனாவின் ‘வோக்’ பாட்டு. அதில் 0.23 செகண்ட் ஓடும் ஹார்ன் சத்தம் ஒன்று பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்தது என்று வழக்கு. ஒன்பதாவது சர்க்யூட், இவ்வளவு அற்பமானதை யாரும் கண்டுபிடிக்கவே போவதில்லை, இது மீறலே அல்ல என்றது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு நீதிமன்றம் இரண்டு பதில். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இந்த இரண்டுமே ஃபேர் யூஸ் தீர்ப்புகள் அல்ல. ‘இவ்வளவு சின்னதை எடுத்தால் அது திருட்டுக் கணக்கில் வருமா’ என்ற அதற்கு முந்தைய கேள்விக்கான பதில்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித் 1982-ல் ஒரு ரெக்கார்டில் பேசியிருந்தார், ஜாஸ் மட்டும்தான் நிலைக்கும் உண்மையான இசை, மற்றதெல்லாம் இன்றைக்கு இருக்கும் நாளைக்குப் போகும் என்ற தொனியில். ராப் பாடகர் டிரேக் 2013-ல் அதிலிருந்து சுமார் 35 செகண்டை எடுத்து, ஜாஸ் என்ற சொல்லை வெட்டிவிட்டு, ‘உண்மையான இசைதான் நிலைக்கும்’ என்று ஆக்கிவிட்டார். ஆள் சொன்னதையே தலைகீழாகத் திருப்பிய வேலை! நியூயார்க் நீதிமன்றம் 2017-ல் இது ஃபேர் யூஸ் என்றது, மேல்முறையீட்டிலும் 2020-ல் அதுவே நின்றது. இரண்டு செகண்ட் தோற்றது, 35 செகண்ட் ஜெயித்தது. எடுத்ததை வைத்து என்ன செய்தாய் என்பதுதான் அங்கே எடை போடப்பட்டது.

இதன் வேர் 1994-ல் இருக்கிறது. ராய் ஆர்பிசனின் ‘ஓ, ப்ரெட்டி வுமன்’ பாட்டை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு கிண்டல் செய்து பாடிய வழக்கில், வியாபாரத்துக்காகச் செய்த நையாண்டி என்பதாலேயே ஃபேர் யூஸ் இல்லை என்று ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம். 2023-ல் ஆண்டி வார்ஹோல் வரைந்த ப்ரின்ஸ் ஓவிய வழக்கில் அதே நீதிமன்றம், புது அர்த்தம் கொடுத்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது, மூலமும் உன்னுடையதும் ஒரே சந்தையில் ஒரே வேலையைச் செய்கிறதா என்று பார்ப்போம் என்று கயிற்றை இறுக்கியது. பாட்டை அலசுபவனுக்கு இது பெரிய இடி இல்லை. வயலின் நுழையும் இடத்தை விளக்கும் 11 செகண்டைக் கேட்டுவிட்டு, இனி அந்தப் பாட்டை வாங்க வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யப்போவதில்லை. ஆனால் அதே 11 செகண்டை நிகழ்ச்சியின் தொடக்க இசையாக வைத்தால் கதை வேறு. அது அலசல் இல்லை, அலங்காரம்.

நம் ஊர் சட்டம்

சென்னையில் உட்கார்ந்து ‘ஃபேர் யூஸ்’ என்று விவரப் பகுதியில் எழுதுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவில் இருப்பது ஃபேர் டீலிங். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு, காரணங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது: ஆராய்ச்சி உட்பட சொந்த உபயோகம், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. கல்விக்கூடங்களுக்கும் வேறு சிலவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. அமெரிக்கச் சட்டம் வாசலைத் திறந்துவைத்து உள்ளே வந்தவரை விசாரிக்கிறது, நம் சட்டம் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாசலுக்கே விடும். நையாண்டி என்று தனியாக ஒரு வரி நம் பட்டியலில் கிடையாது, அதை விமர்சனம் என்ற கதவு வழியாகத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஆனால் பாட்டு அலசுபவர்களுக்கு ஒரு நல்ல சேதி 2012-ல் வந்தது. அதற்கு முன் இந்தப் பிரிவு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகளை மட்டும்தான் சொன்னது, ஒலிப்பதிவும் திரைப்படமும் அதில் வரவில்லை. அதாவது பாட்டின் வரியை மேற்கோள் காட்டலாம், ரெக்கார்டை ஓடவிட்டால் இந்த வாதமே செல்லாது. 2012 திருத்தம் கணினி நிரல் தவிர எல்லாப் படைப்புக்கும் இதை நீட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றம், இந்தியா டிவி – யஷ்ராஜ் ஃபிலிம்ஸ் வழக்கில் இன்னொரு கதவையும் திறந்தது. பாடகி வசுந்தரா தாஸ் ஒரு டிவி நிகழ்ச்சியில் தான் சினிமாவில் பாடிய பாட்டுகளிலிருந்து சில வரிகளைப் பாடிக் காட்டினார், பின்னால் படக்காட்சிகள் ஓடின. கூடவே ‘கஜ்ரா ரே’ வரியைத் தழுவிய ஒரு நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரமும் வழக்கில் இருந்தது. ஃபேர் டீலிங்குக்குள் போகாமலே, இது அற்பமானது, சட்டம் இதற்கெல்லாம் மல்லுக்கட்டாது என்ற கொள்கையை வைத்து நீதிமன்றம் முடித்துவிட்டது. தீங்கு எவ்வளவு, வழக்கு நடத்தும் செலவு எவ்வளவு, செய்தவரின் எண்ணம் என்ன என்பதையெல்லாம் பார்த்தது. இங்கேயும் செகண்ட் கணக்கு இல்லை.

என் கணக்குப்படி, நிஜமான இசை விமர்சனம் செய்பவருக்கு நம் சட்டம் மோசமில்லை. ரீமிக்ஸ், மாஷப் செய்பவருக்கு அமெரிக்காதான் வசதி. ஐரோப்பாவில் எப்படி என்று கேட்டால், க்ராஃப்ட்வெர்க் குழு 1977-ல் வெளியிட்ட பாட்டிலிருந்து இரண்டு செகண்ட் தாளத்தை மோசஸ் பெல்ஹாம் எடுத்துப் போட்டது 1997-ல். அதன் மேல் வழக்கு இருபது வருடத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது, 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு பதில் சொன்ன பிறகும் 2023-ல் ஜெர்மன் நீதிமன்றம் அதைத் திரும்பவும் அங்கேயே அனுப்பியது. இரண்டு செகண்டுக்கு ஒரு தலைமுறை.

லைசென்ஸ்

சுத்தமான வழி இதுதான், எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத வழியும் இதுதான். காசு ஒரு பக்கம், யாரிடம் கேட்பது என்பதே முதல் தலைவலி. ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, ரெக்கார்டிங் இன்னொன்று. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறந்தவர்கள் பெரிய ஆட்களே. பீஸ்டி பாய்ஸ் ஒரு புல்லாங்குழல் துண்டின் ரெக்கார்டிங்குக்கு முறைப்படி லைசென்ஸ் வாங்கினார்கள், இசையமைத்த ஜேம்ஸ் நியூட்டனிடம் வாங்கவில்லை, வழக்கு வந்தது. ஆறு செகண்ட், மூன்று ஸ்வரம் மட்டும் என்பதால் தப்பித்தார்கள். மேலே சொன்ன டிரேக்கும் ரெக்கார்டிங்குக்கு மட்டும்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

வாங்கினாலும் நிம்மதி நிச்சயமில்லை. தி வெர்வ் குழுவின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’க்கு சாம்பிள் உரிமை வாங்கியிருந்தார்கள், ஒப்புக்கொண்டதைவிட அதிகம் எடுத்துவிட்டாய் என்று தகராறு வந்து பாடலாசிரியர் உரிமை முழுக்க ரோலிங் ஸ்டோன்ஸ் தரப்புக்குப் போனது. குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்க்ராஃப்டுக்கு அது திரும்பி வந்தது 2019-ல், இருபத்திரண்டு வருடம் கழித்து. விளம்பரம், சினிமா, விற்பனைக்குப் போகும் பாட்டு என்றால் லைசென்ஸ்தான், வேறு பேச்சே இல்லை. அரை மணி நேர அலசலில் 11 செகண்டுக்கு இது கொசுவுக்கு பீரங்கி.

நாமே பாடுவது

இதைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆர்மோனியத்தில் நான்கு ஸ்வரம் வாசித்துக் காட்டினால் ரெக்கார்டிங் உரிமை என்ற ஒரு முழு பாரம் இறங்கிவிடுகிறது. மெட்டின் உரிமை மட்டும் மிச்சம், விமர்சனத்துக்காக இரண்டு வரி என்றால் ஃபேர் டீலிங் வாதம் அங்கே பலமாக நிற்கும். முழுப் பாட்டைப் பாடிப் பதிவேற்றுவது வேறு, அதற்கு நம் சட்டத்தின் 31சி பிரிவில் தனி நடைமுறை இருக்கிறது: மூலம் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி முன்கூட்டியே கட்ட வேண்டும். சின்ன ஆட்களுக்கு எழுதப்பட்ட பிரிவு அல்ல.

குறை ஒன்று உண்டு. மெட்டைப் பாடிக் காட்டலாம், மிக்ஸிங்கைப் பாடிக் காட்ட முடியாது. பேஸ் கிட்டார் இடது காதில் வந்து சரணத்தில் வலது காதுக்குத் தாவுகிறது என்று பேச வந்தவனுக்கு அசல் ஒலி வேண்டும். என் நண்பரின் குரலில் கேட்டால் நல்ல பாட்டும் கெட்டுப்போகும் என்பது தனி விஷயம்.

தளம் என்கிற நீதிபதி

இவ்வளவும் நீதிமன்றத்துக்குப் போனால். நடைமுறையில் நம் பிட்டை முதலில் கேட்பது ஒரு மெஷின். யூடியூபின் கன்டென்ட் ஐடி 2007-லிருந்து இருக்கிறது. ஒலி பொருந்துகிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், நீங்கள் விமர்சனம் செய்கிறீர்களா கல்யாண வீடியோ போடுகிறீர்களா என்பது தெரியாது. பொருந்தினால் உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கணக்கும் பார்க்கலாம். இது கிளெய்ம். ஸ்ட்ரைக் வேறு, அது முறைப்படி நீக்கச் சொல்லி வரும் கோரிக்கையால் விழுவது, 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலுக்கே ஆபத்து. கிளெய்ம் வந்ததும் பதறி வீடியோவைத் தூக்குபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுப்பு போட்டால் எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம், முதல் ஐந்து நாளுக்குள் போட்டால் அந்த விளம்பரக் காசு முதலிலிருந்தே தனியாக வைக்கப்படும்.

2007-ல் ஒரு அம்மா, ப்ரின்ஸ் பாட்டுக்குத் தன் குழந்தை ஆடியதை 29 செகண்ட் போட்டார், நீக்கினார்கள். நோட்டீஸ் அனுப்பும் முன் இது ஃபேர் யூஸா என்று யோசித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல 2015 ஆனது. யூடியூபில் இசைப் பாடம் எடுக்கும் ரிக் பியாடோ 2020-ல் அமெரிக்க செனட் குழு முன்னாலேயே போய் இந்தக் கிளெய்ம் தொல்லையைப் பேசிவிட்டு வந்தார்.

எங்கள் 11 செகண்டுக்கு மறுப்பு போட்டோம். விமர்சனம், இந்தந்த நிமிடத்தில் இதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக எழுதினோம், 26 நாள் கழித்து முடக்கத்தை விலக்கினார்கள். இப்போது எங்கள் வழக்கம் இப்படி: மெட்டு, ராகம் பற்றிய பேச்சு என்றால் ஆர்மோனியம். ஒலியைப் பற்றியே பேச வேண்டும் என்றால் அசல் பிட், அதுவும் நான்கு ஐந்து செகண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் பின்னும் பேச்சு. முழுப் பல்லவியையும் அனுபவிக்க வேண்டுமென்றால் ‘2:14-ல் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்லி லிங்க். கேட்பவர்களில் பாதிப் பேர் போனவர்கள் திரும்பி வருவதில்லை, பாட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு வழக்கு போட முடியாது.