டிரெயிலுக்கு யார் பெயர்: நிலம் கொடுத்தவரா, ஓடையா?

கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில், நிலங்களை வாங்கியோ தானமாகப் பெற்றோ காக்கும் ஒரு சிறிய நில அறக்கட்டளைக்கு வார இறுதிகளில் தன்னார்வ வேலை செய்கிறேன். வேலை என்றால் பெரும்பாலும் முட்செடி வெட்டுவது, மழையில் அரித்துப்போன பாதையைச் சரிசெய்வது. ஒரு குடும்பம் ஓடையோரமாக இருந்த தங்கள் நிலத்தைக் கொடுத்தது, அதில் புதிதாக ஒரு டிரெயில், அதாவது காட்டு நடைபாதை, போட்டோம், அதற்குப் பெயர் வைக்கும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மூன்று வழிகள் பேசப்பட்டன. கொடுத்தவர் பெயரையே வைப்பது ஒன்று. இடத்தின் பெயரை வைத்துவிட்டு, கொடுத்தவரைப் பற்றி டிரெயில் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நடுவது இன்னொன்று. கொடுத்தவரே வேறு யார் பெயரையாவது சொல்லி, அதை வைப்பது மூன்றாவது. நான் இரண்டாவது கட்சி, குழுவும் கடைசியில் அதற்குத்தான் வந்தது. ஆகவே கீழே இருப்பது நடுநிலையான அலசல் இல்லை.

கொடுத்தவர் பெயரை வைப்பதில் என்ன நன்மை என்று விளக்கத் தேவையில்லை. நன்றி எல்லோர் கண்ணிலும் படும், அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றும், அறக்கட்டளைக்குக் கையைக் கடிக்காது. இந்த ஊர் நில விலை தெரிந்தவர்கள், அதே இடத்தை வீட்டுமனையாக விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாலே, பெயர்தானே, வைத்துவிட்டுப் போங்களேன் என்றுதான் சொல்வார்கள்.

இந்த வழி நன்றாகப் பலித்த இடம் மெய்ன் மாநிலத்து அகாடியா தேசியப் பூங்கா. ஜார்ஜ் டோர் என்பவர் அங்கே நிலம் நிலமாகச் சேர்த்து, 1916ல் மத்திய அரசை ஏற்றுக்கொள்ள வைத்தார். கோடையைக் கழிக்க வந்த பணக்காரக் குடும்பங்களிடம் பேசி, இறந்துபோன உறவினர்கள் நினைவாகப் பாதைகளும் போட வைத்தார். எமரி பாதை, ஜெசப் பாதை, கேன் பாதை, கர்ட் டீட்ரிக் ஏற்றம் எல்லாம் அந்தக் காலத்தவை. டீட்ரிக் ஏற்றம் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய படிகள், பெயரைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். முக்கியமான விஷயம், இந்தப் பாதைகளில் சிலவற்றுக்குப் பராமரிப்புக்கென்று தனி முதலும் வைத்தார்கள். கோயிலில் கட்டளைக்கு நிலம் எழுதிவைப்பதும், டியூப்லைட் வாங்கிக் கொடுத்து அதன்மேலேயே உபயம் என்று வெளிச்சம் மறைகிற அளவுக்கு எழுதுவதும் ஒன்றல்லவே, இது கட்டளை வகை. 1999ல் அதே பூங்காவில், ஃபிரண்ட்ஸ் ஆஃப் அகாடியா என்ற அமைப்பும் பூங்கா நிர்வாகமும் சேர்ந்து 1.3 கோடி டாலர் திட்டம் ஒன்றைத் தொடங்கி, டிரெயில்களுக்கென்றே ஒரு நிரந்தர நிதியும் ஏற்படுத்தினார்கள். பெயரோடு இப்படிப் பணமும் கூடவே வந்தால் எனக்குப் பேச்சில்லை. எங்களுக்கு நிலம் வந்தது, பராமரிப்புக் காசு வரவில்லை, பெரும்பாலான இடங்களில் அப்படித்தான்.

மூன்றாவது வழிக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது, ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்கள் நிற்கும் மியூர் வுட்ஸ் காடு. 1905ல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். அணை கட்டுவதற்காக ஒரு தண்ணீர் கம்பெனி அந்த ரெட்வுட் பள்ளத்தாக்கைச் சட்டப்படி எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது, அதில் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே தானமாகக் கொடுத்து வழியை அடைத்துவிட்டார்கள். 1908 ஜனவரி 9ல் அது தேசிய நினைவிடமாக, அதாவது மத்திய அரசு பாதுகாக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. இயற்கைக்காகப் போராடிய ஜான் மியூரின் பெயரை வைக்கும்படி கேட்டவர் கென்ட்தான். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு மனசு கேட்கவில்லை, உங்கள் பெயரையே வைக்கிறேனே என்று கடிதம் எழுதினார். கென்ட்டின் பதிலை அவசியம் தேடிப் படியுங்கள். என்னைவிட நல்லவர்கள் எத்தனையோ லட்சம் பேர் பெயர் தெரியாமலே செத்துப்போயிருக்கிறார்கள், தானத்தின்மேல் தன் பெயரை அச்சடிப்பது சாகாவரத்தைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி ஆகிவிடும், எனக்கு ஐந்து பையன்கள் இருக்கிறார்கள், அவர்களால் கென்ட் என்ற பெயரைக் காப்பாற்ற முடியாவிட்டால் அது மறந்துபோகட்டும் என்கிறார். ரூஸ்வெல்ட்டும், நீங்கள் சொல்வதுதான் சரி, எனக்கும் நான்கு பையன்கள் இருக்கிறார்கள் என்று எழுதி விஷயத்தை முடித்துக்கொண்டார்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கொடையாளரும் கென்ட் இல்லை, அவர்களிடம் போய் இப்படி இருங்கள் என்று கேட்கவும் முடியாது. இன்னொன்று, யார் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் அவரும் மனிதர்தான். 1913ல் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் வந்தபோது மியூர் அதை உயிரைக் கொடுத்து எதிர்த்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உட்கார்ந்திருந்த கென்ட்டோ அணையின் பக்கம். அதே கென்ட்தான் 1916ல் தேசியப் பூங்காத் துறையை உருவாக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார், பின்னாளில் ஆசியர்கள் குடியேறக் கூடாது என்றும் பேசினார். அந்த மரங்களுக்கடியில் நடக்கிற ஆசியர்களில் நானும் ஒருவன், கொடுத்த மனுஷனுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று எனக்கே சில நேரம் குழப்பம்தான்.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. பெயரை வைப்பது எளிது. ஒரு நாள் அதை எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்?

டிரெயில் பெயர் ஒரு பலகையோடு நிற்பதில்லை. வரைபடத்தில், கைபேசிச் செயலிகளில், ஒவ்வொரு கிளைப்பாதை முனையிலும் இருக்கும் மரக்கம்பத்தில், அவசர உதவி எண்ணான 911க்குக் கூப்பிட்டு எங்கே கால் பிசகி விழுந்து கிடக்கிறோம் என்று சொல்கிற வாயில் எல்லாம் அது போய் உட்கார்ந்துவிடும். இந்தப் பகுதியிலேயே இருக்கும் பூரிசிமா கிரீக் ரெட்வுட்ஸ் என்ற காட்டில் சோடா கல்ச் டிரெயில் என்று ஒன்று இருந்தது. அதை நிர்வகிக்கும் அமைப்பின் முன்னாள் பொதுமேலாளரைக் கௌரவிக்க கிரெய்க் பிரிட்டன் டிரெயில் என்று மாற்றினார்கள், யாருக்கும் அதில் சண்டையில்லை, நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அப்படியும் வழிகாட்டிக் குறிப்புகளில் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது.

சண்டையோடு நடக்கிற மாற்றம் இன்னும் கஷ்டம். ரெட்வுட் காடுகளைக் காப்பாற்றிய சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்கை 1918ல் தொடங்கியவர்களில் ஒருவர் மேடிசன் கிராண்ட். அவர் இல்லாமல் அந்த மரங்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். அதே ஆள் வெள்ளை இன மேன்மையைப் புத்தகம் போட்டுப் பரப்பியவர், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய 1924ன் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். வட கலிஃபோர்னியாவின் பிரெய்ரி கிரீக் பூங்காவில் அவருக்கு ஒரு பாறை நினைவுச்சின்னம் நின்றது. 2021ல்தான் மாநிலப் பூங்காத் துறை அதைத் தூக்கியது. அந்த ஆண்டே பேட்ரிக்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்காவுக்கு யூரோக் பழங்குடி மக்களின் பழைய இடப்பெயரான சூ-மெக் என்ற பெயரைத் திரும்ப வைத்தார்கள். அகாடியாவிலும் எமரி பாதையும் ஷிஃப் பாதையும் இடையில் ரொம்ப காலம் டோர் மலைக் கிழக்குமுகப் பாதை என்று மாறியிருந்து, பிறகு பழைய பெயருக்கே திரும்பின. அங்கே யார்மேலும் குற்றச்சாட்டு இல்லை, எந்தப் பாதை எங்கே போகிறது என்று பெயரிலேயே தெரியட்டும் என்ற நிர்வாக யோசனை மட்டும்தான்.

இந்த உதாரணங்களில் ஓடையையோ மலையையோ வைத்துப் பெயரிட்ட ஒன்றையாவது, தவறான பெயர் என்று சொல்லி யாரும் எடுக்கவில்லை. சோடா கல்ச் போனதும் ஒரு மனிதருக்கு இடம் விடுவதற்காகத்தான்.

பலகை அப்படி இல்லை. அதில் எழுதியதைத் திருத்தலாம், சேர்க்கலாம், டிரெயிலின் பெயரைத் தொடவே வேண்டாம். மியூர் வுட்ஸிலேயே 2021ல் ஊழியர்கள் காட்டைக் காப்பாற்றிய வரலாறு சொல்லும் பலகையின்மேல் புதிய குறிப்புகளை ஒட்டினார்கள். காட்டுக்காகப் பாடுபட்ட பெண்களின் அமைப்பு, அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடியினர், கென்ட்டின் ஆசிய எதிர்ப்பு எல்லாம் அதில் வந்தன. 2025 ஜூலையில் அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டார்கள், எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதாவது பலகையை நல்லபடியாகவும் மாற்றலாம், மோசமாகவும் மாற்றலாம். ஆனால் இத்தனை இழுபறிக்கு நடுவிலும் காட்டின் பெயரையோ வரைபடத்தையோ யாரும் தொட வேண்டியிருக்கவில்லை, நான் சொல்வது அதைத்தான்.

இடப்பெயரில் குறை இல்லாமல் இல்லை. சலிப்பூட்டும். இந்தப் பக்கம் கிரீக் டிரெயில், ஓக் டிரெயில், ரிட்ஜ் டிரெயில் என்று ஊருக்கு நாலு இருக்கும். பழங்குடிப் பெயர் வைக்கலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். இந்தப் பகுதியின் பழங்குடியினரான ஓலோனி மக்களிடம் கேட்காமல் நாமாக ஒரு சொல்லை எடுத்து ஒட்டுவது சரியாக வராது, கேட்டுச் செய்ய ஆகும் காலம் எங்களுக்கு இல்லை, அதனால் விட்டுவிட்டோம். ஓடையின் பெயரோடு, பாதை முடிகிற இடத்தில் நிற்கும் பக்ஐ (buckeye) மரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறோம். பலகையில் கொடுத்த குடும்பத்தின் பெயர், அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது, ஏன் விற்காமல் கொடுத்தார்கள் என்று அந்த வீட்டுப் பெரியம்மா சொன்னது, அவ்வளவும் ஆறேழு வரியில் அடங்கிவிட்டது. வெறும் பெயரை மட்டும் டிரெயிலுக்கு வைத்திருந்தால் இதில் ஒரு வரிகூட நடக்க வருபவருக்குப் போய்ச் சேராது. குடும்பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பலகையின் வரைவை அவரிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னோம், ஒரு பத்தியையே மாற்றி எழுதிக் கொடுத்தார், அதற்கப்புறம் பேச்சு எழவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும், எங்களுடையது சின்ன இடம். கோடிக்கணக்கில் பணம் கொடுப்பவர், வக்கீலோடு உட்கார்ந்து பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லும்போது என்ன பேரம் நடக்கும் என்பதில் எனக்கு அனுபவம் கிடையாது, அங்கே என் வாதம் எடுபடாமலும் போகலாம். அப்படிப்பட்ட நிலையில் கொடையாளர் பெயரைத்தான் வைத்தாக வேண்டும் என்றால் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பெயரோடு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வருமானம் தரும் ஒரு முதல். அப்புறம், என்றென்றும் என்று எழுதாமல், இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளை பெயரை மறுபரிசீலனை செய்யலாம் என்ற ஒரு வரி. இரண்டாவதற்குக் கொடையாளர் முகம் சுளிப்பார். கையெழுத்தாவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், பத்திரம் பதிவான பிறகு கேட்டால் நம்மைத்தான் நன்றிகெட்டவர்கள் என்பார்கள்.