பிடிபி: உயிர்வேதியியல் படிப்பவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பாடப்புத்தகத்தில் ஹீமோகுளோபின் என்றால் நான்கு வட்டங்கள், என்சைம் என்றால் வாயைப் பிளந்த ஓர் உருண்டை. அதோடு நின்றுவிட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்வது பிடிபி, அதாவது புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற இணையதளம். புரதம் போன்ற மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். கல்லூரியில் படிக்கும்போது பழகியது. இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போதும் அதைத்தான் திறக்கிறேன். காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம்.

1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஏழே மூலக்கூறு அமைப்புகளோடு ஆரம்பித்தது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க, 2000இல் விஞ்ஞானியும் ஓவியருமான டேவிட் குட்செல் தொடங்கிய 'மாதம் ஒரு மூலக்கூறு' பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய படங்களே பாதிப் பாடம்.

எனக்கு இது நிஜமாகவே கைகொடுத்தது, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையில். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சரி, ஓர் அமினோ அமிலம் மாறியதற்குச் சிவப்பணுவே ஏன் வளைய வேண்டும்? இந்த நோயின் ஹீமோகுளோபினுக்குப் பிடிபியில் உள்ள '2HBS' என்ற குறியீட்டைத் தேடித் திறந்து, அந்த ஆறாவது இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீரோடு ஒட்டாத வாலின், பக்கத்து ஹீமோகுளோபினில் பினைல்அலனின், லூசின் என்ற அமினோ அமிலங்கள் சூழ்ந்த குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில்தான் அந்தக் குழி அதற்கு வாகாக அமைகிறது. இப்படி ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட இழைகளாகி, அவை சிவப்பணுவை உள்ளிருந்தே வளைக்கின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952இலேயே பதிவானது. அதையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பில் கொட்டாவி குறைகிறது.

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு தர அறிக்கை உண்டு. அதில் 'ராமச்சந்திரன்' என்று ஒரு வரி வரும். ஆமாம், நம் ஜி.என். ராமச்சந்திரன்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு 1963இல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை அது காட்டும். அந்தக் கோணங்களுக்கு வெளியே நிற்பவற்றின் சதவீதம், அதாவது விலகல், குறைவாக இருந்தால் அது அமைப்பை நம்ப ஒரு நல்ல அறிகுறி.

குறை இல்லாமல் இல்லை. புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் இது அருமை. கொழுப்பு, மாவுச்சத்து படிக்கப் போனால் ஏமாற்றம்தான். எக்ஸ்ரே முறையில் எடுத்த பெரும்பாலான அமைப்புகளில் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது. சுற்றிலும் இறைந்து கிடக்கும் சிவப்புப் புள்ளிகள் நீர் மூலக்கூறின் ஆக்சிஜன்கள். புதியவர்களை அவை குழப்பும். எல்லாமே ஆங்கிலம் என்பதால் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். மொபைலில் சின்னப் புரதங்கள் ஜோராகச் சுழலும், புரதங்களைத் தயாரிக்கும் பிரம்மாண்ட ரைபோசோமைத் திறந்தால் திணறும். 2022 முதல் கணினி கணித்த மாதிரிகளும் தேடலில் வருகின்றன. பழகும்வரை அவற்றைத் தேடலில் சேர்க்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

முதல் மூலக்கூறாக நான் கொடுப்பது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற என்சைம். ஒரே சங்கிலி, 129 அமினோ அமிலங்கள், சங்கிலியைக் கந்தக அணுக்களால் கட்டும் நான்கு டைசல்ஃபைடு பாலங்கள், நடுவில் பாக்டீரியாவின் சுவர்ச் சர்க்கரைச் சங்கிலி வந்து படியும் பள்ளம். ஒரு சாயங்காலம் போதும்.