உறைவிடப் பள்ளியில் ஒரு வருட சேப்பல்: வார்டன் பெஞ்சிலிருந்து ஒரு விமர்சனம்

ஒரு உறைவிடப் பள்ளியில் பெண்கள் விடுதி வார்டனாக முழுதாக ஒரு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் ஆய்வகம் எப்படி, நீச்சல் குளம் உண்டா, தேர்ச்சி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள், சேப்பல், அதாவது பள்ளிக்குள்ளேயே இருக்கும் கிறிஸ்தவ ஆலயம், என்று வந்தால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "அழகா இருக்கு" என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் பிள்ளை வாரத்தில் ஐந்து காலையும் ஞாயிறு மாலையும் உட்காரப்போவது அங்கேதான். அதனால் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதலில் கட்டடம். ஊரில் உள்ள தேவாலயங்களில் எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்காருவோம். இங்கே அப்படி இல்லை, நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமும் பெஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மடாலயங்களில் துறவிகள் எதிரெதிரே நின்று சங்கீதங்களை மாறி மாறிப் பாடிய காலத்து ஏற்பாடு இது, கல்லூரி ஆலயங்கள் வழியாகப் பள்ளிகளுக்கு வந்தது. இதனால் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. தூங்கினால் தெரியும், அழுதால் தெரியும், எதிரில் ஒருத்தி சிரித்துவிட்டால் ஒரு வரிசை முழுக்கப் பற்றிக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் எனக்கு இந்த அமைப்பு பிடிக்கவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் மனம் மாறினேன்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பாட்டி இறந்துவிட்டார். தூரம் காரணமாக அவளால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. மறுநாள் காலை ஜெபத்தில் குருவானவர் அந்தப் பாட்டியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை. இவள் தலையைக் குனியவே இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில், ஒரு மாதமாக இவளோடு பேசாமல் இருந்த இன்னொருத்தி. ஜெபத்தின் நடுவே பாதையைக் கடக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அவள் எழுந்தாள், கடந்தாள், வந்து பக்கத்தில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு காலைக்காகவே இந்த சேப்பலுக்கு ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுப்பேன்.

வார நாட்களின் காலை ஆராதனை மொத்தமே பதினைந்து நிமிடம்: ஒரு பாட்டு, ஒரு வேதபாடம் (பைபிளிலிருந்து ஒரு பகுதி வாசிப்பு), ஒரு ஜெபம், கொஞ்சம் அமைதி. ஞாயிற்றுக்கிழமையைவிட இதுதான் பிள்ளைகளுக்குள் இறங்குகிறது என்பது என் கருத்து. நாளெல்லாம் மணி அடித்து ஓடும் வாழ்க்கையில் யாரும் மார்க் போடாத பதினைந்து நிமிடம் இது ஒன்றுதான்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கரோல் ஆராதனை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை. ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே பாட்டுகள். இந்த முறை புகழ்பெறத் தொடங்கியது 1880 டிசம்பர் 24 இரவு, இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில். பேராலயம் கட்டி முடியாததால் ஒரு மரக் கொட்டகையில்தான் அதை நடத்தினார் பிஷப் எட்வர்ட் வைட் பென்சன். பிறகு முதல் உலகப் போரில் படைக்குக் குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வைட் 1918ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் அதைத் தொடங்க, உலகமெங்கும் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ட்ரூரோவில் முதல் பாடத்தைப் பாடகர் குழுவில் ஒருவர் வாசிக்க, படிப்படியாக மேலே போய்க் கடைசிப் பாடத்தை பிஷப் வாசித்தார். இங்கேயும் அதே வரிசைதான், ஆறாம் வகுப்புக் குழந்தை தொடங்கி வைக்கிறது, தலைமையாசிரியர் முடித்து வைக்கிறார். அந்த இரவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் காலம். பள்ளியிலோ விடுமுறை வந்துவிடுமே என்று அதற்குள்ளேயே கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாவற்றையும் பாடி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் பெட்டி கட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று சேப்பல் பூட்டிக் கிடக்கிறது. ஈஸ்டரும் பல வருடங்களில் அப்படித்தான், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபைக் கணக்கு, ஆகவே 2024ல் மார்ச் 31, 2025ல் ஏப்ரல் 20 என்று தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், பள்ளியின் விடுமுறை அதற்காகக் காத்திருக்காது. இதை நான் முதலில் குறையாக நினைத்தேன். வருட முடிவில் யோசித்தால், பண்டிகை வீட்டுக்கு, காத்திருப்பு சேப்பலுக்கு என்று பிரிந்திருப்பது விடுதிப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாகவே படுகிறது. வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பதைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தக் காத்திருப்புக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு பாட்டும் கொடுத்தால் போதும்.

லெந்து நாட்கள்தான், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தான், இந்த சேப்பலின் உச்சம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை 46 நாள், ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று பிடித்த ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் எடுக்கிறார்கள். எரிப்பதைப் பார்க்க எங்கள் விடுதிப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். காய்ந்த ஓலை சட்டென்று பற்றிக்கொள்கிறது, ஆனால் அவ்வளவு பெரிய கட்டுக்கு மிஞ்சுவது ஒரு கைப்பிடிதான். அதைச் சலித்து, துளி எண்ணெய் விட்டுக் குழைத்தார் குருவானவர். மண்ணிலிருந்து வந்த நாம் மண்ணுக்கே திரும்புவோம் என்று சொல்லி அதைப் பதினொரு வயதுக் குழந்தையின் நெற்றியில் பூசும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சில பிள்ளைகள் இரவு முகம் கழுவ மறுத்தார்கள். தலையணை உறை கறுத்துப்போனதை நான் கண்டுகொள்ளவில்லை.

சரி, குறைகள். வேதபாடம் வாசிக்க வேண்டிய பிள்ளைக்குத் தாளை அன்று காலைதான் கொடுக்கிறார்கள். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் நேபுகாத்நேச்சார் என்ற பைபிள் ராஜாவின் பெயரில் சிக்கி, மூன்று முறை முயன்று, வரிசைகளில் சிரிப்பு எழ, பாதியிலேயே இறங்கி வந்துவிட்டாள். அதன் பிறகு அவள் பெயர் கொடுக்கவே இல்லை. இரண்டு நாள் முன்பு கொடுத்து ஒருமுறை வாசிக்க வைத்திருந்தால் இது நடந்திருக்காது, இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை. வெளியிலிருந்து பிரசங்கிக்க வருபவர்கள் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள், ஞாயிறு மாலை விளையாடிக் களைத்து வந்த பிள்ளைகளிடம் அது எடுபடாது. ஒலிபெருக்கியும் சரியில்லை, கடைசி மூன்று வரிசைக்குப் பாதிதான் கேட்கும்.

வேறு மதத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வருகை எல்லோருக்கும் கட்டாயம், ஆனால் ஜெபத்தைச் சொல்வதோ பாடுவதோ அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து போவதோ கட்டாயம் இல்லை. எங்கள் விடுதியில் அப்படி இருந்தவர்களில் இருவருக்கு அமைதி நேரம் பிடித்திருந்தது, ஒருத்திக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. பிடிக்காதவள் எதிர் வரிசைப் பார்வைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பது எளிதல்ல. ஓரத்தில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று நான் கேட்டதற்குக் குருவானவர் உடனே சரி என்றார். எழுதப்பட்ட விதியாக அது இருக்க வேண்டும், ஒருவருடைய நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. சேர்க்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. பார்க்கப் போவதானால் கரோல் இரவில் போகாதீர்கள், அன்று எந்த சேப்பலும் நன்றாகத்தான் இருக்கும். பருவத்தின் நடுவே ஒரு சாதாரண வார நாள் காலையில் அனுமதி கேட்டு உள்ளே போங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள், பாட்டு முடிந்து அமைதி தொடங்கியதும் எதிர் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.