கோவில்பட்டிக்கு ஏசி ஸ்லீப்பர், டிக்கெட் 1,450, கூடவே ஒரு பரீட்சையும் போச்சு

பஸ் கம்பெனி பேரு இங்க போடல, கேஸ் போட்டிருக்கேன், அதான். ஸ்டார் எவ்வளவுன்னு கேட்டா அஞ்சுக்கு ஒன்றரை. அந்த ஒன்னு டிரைவருக்கு, அரை பெட்ஷீட்டுக்கு (நெசமாவே துவைச்சு வச்சிருந்தானுங்க, சோப்பு வாசம் அடிச்சுச்சு).

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை நைட். மறுநாள் 12ஆம் தேதி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை. வேலை பாக்குறது தாம்பரம் பக்கம், ஆனா சென்டர் ஊர்ல கிடைச்சா அம்மா கையால சாப்ட்டு நிம்மதியா எழுதலாமேன்னு கோவில்பட்டி போட்டிருந்தேன். அந்த வருசம் நோட்டிபிகேசன் வந்தப்ப 3,935 போஸ்ட், எழுத அப்ளை பண்ணுனது 13 லட்சத்துக்கு மேல, அதுல நானும் ஒருத்தன், எட்டு மாசம் ஆபீஸ் விட்டு வந்து நைட் பன்னெண்டு வரைக்கும் படிச்சவன். ஹால் டிக்கெட்ல தெளிவா போட்டிருக்கும், பரீட்சை ஒன்பதரைக்கு, எட்டரைக்கு சென்டர்ல இருக்கணும், ஒன்பது வரைக்கும்தான் சலுகை, அதுக்கப்புறம் யாரா இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க.

ஆப்ல பாத்தப்ப கிளாம்பாக்கம் 9.30, கோவில்பட்டி பைபாஸ் 6.15னு இருந்துச்சு. பரீட்சைக்கு மூணு மணி நேரம் முன்னாடி, குளிச்சு சாப்ட்டு போகலாம்னு கணக்கு. ரேட்டிங் வேற 4.3. இந்த ரேட்டிங் எல்லாம் யாரு போடுறான்னே தெரியல.

கிளாம்பாக்கத்துக்கு நான் ஒன்பதுக்கே போயிட்டேன். அது தனிக்கதை, பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பர் 30லயே திறந்தாச்சு, ஆனா கூடவே வர வேண்டிய ரயில்வே ஸ்டேசன் நான் போன அன்னைக்கு வரைக்கும் திறக்கல, அதனால எலக்ட்ரிக் ட்ரெயின்ல வண்டலூர்ல இறங்கி ஆட்டோக்காரர்ட்ட பேரம் பேசித்தான் போகணும். இதெல்லாம் முன்னாடியே தெரியும்கிறதால சீக்கிரமே கிளம்பிட்டேன். லேட் ஆகும்னு தெரிஞ்சா நாம முன்கூட்டியே கிளம்பிடுறோம், கம்பெனிக்காரன் மட்டும்தான் அத பண்றதில்ல.

9.30 ஆச்சு. ட்ராக்கிங் லிங்க்ல 'ஆன் டைம்'னு பச்சை கலர்ல காட்டுது, மேப்ல பாத்தா பஸ் போரூர்லயே நிக்குது. போன் போட்டா "அஞ்சு நிமிசம் சார், வந்துட்டே இருக்கு"ங்கிறாங்க. பத்து மணிக்கும் அதே அஞ்சு நிமிசம், பத்தரைக்கும் அதே அஞ்சு நிமிசம். வண்டி வந்து நின்னது 10.50.

வந்த வண்டியோட டிக்கிய லக்கேஜ் வைக்க திறந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. உள்ள ஒரு ஸ்பிளெண்டர் பைக்கு, சாக்கு சுத்தி கயிறு கட்டி படுக்க வச்சிருக்கு, பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குது, அதுக்கு மேல டிவி பெட்டி மூணு, பக்கத்துல நான் எண்ணுனவரைக்கும் பதினெட்டு அட்டைப்பெட்டி. நம்ம பேக்க வைக்க இடமே இல்ல, மடியில வச்சுக்கங்கன்னான் கிளீனர். டிராபிக்கும் இல்ல பஞ்சரும் இல்ல, பார்சல் ஏத்தத்தான் ஒரு மணி நேரம் இருபது நிமிசம் நின்னிருக்கு. டிரைவர் அண்ணன்ட்ட "அண்ணே காலைல பரீட்சை இருக்கு"ன்னேன், அவர் "தம்பி, ஏத்துறது ஆபீஸ்காரங்க முடிவு, என்னால ரோட்டுலதான் ஏதாச்சும் பிடிக்க முடியும், அதுவும் ஓரளவுக்குத்தான்"னாரு. ஒரு ஸ்டார் அவருக்குன்னு சொன்னது இதுக்குத்தான், பொய் சொல்லல பாருங்க.

சீட்டு, ஏசி எல்லாம் ஓகே. சார்ஜிங் பாயிண்ட் வேலை செய்யல.

அடுத்து மோட்டல். விக்கிரவாண்டி தாண்டி ஒரு எடத்துல 'பத்து நிமிசம்'னு நிப்பாட்டி முக்கால் மணி நேரம் ஆக்கிட்டானுங்க. பசியில ரெண்டு பரோட்டா வாங்கி 140 ரூவா ஜிபே பண்ணுனேன், அதுல டைம் பதிஞ்சிருக்கு, 1.04. அப்புறம் திருச்சில பார்சல் இறக்க அரை மணி, மதுரை ரிங் ரோட்டுல மறுபடி. ஒவ்வொரு தடவையும் டிக்கி டம்முனு திறக்குற சத்தம் கேட்டு முழிச்சு மணி பாக்குறேன். ஆறு மணிக்கு அம்மா போன், "எங்கல வந்துருக்க? இட்லி ஊத்திட்டேன்"னு. நான் அப்ப மதுரைகூட தாண்டல.

கோவில்பட்டி பைபாஸ்ல இறங்குனப்ப 8.43. வீட்டுக்குப் போகவே இல்ல, நேரா ஆட்டோ, சென்டர் டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்க ஸ்கூலு. கேட்டுக்குப் போனப்ப 9.04. எனக்கு முன்னாடியே ஒரு அக்கா கைக்குழந்தையோட கம்பியப் பிடிச்சுட்டு அழுதுட்டு இருந்தாங்க. உள்ள இருந்த போலீஸ்காரர் கோபமாவெல்லாம் பேசல, "என் கையில ஒன்னும் இல்லப்பா"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. 200 கேள்வி, 300 மார்க், ஒன்னக்கூட கண்ணுல பாக்கல. என்கூட படிச்ச பையன் அதே நைட் எஸ்இடிசி கவர்மெண்ட் பஸ்ல வந்தான், சீட்டு முதுக ஒடிக்கும்னு அவன நான்தான் கேலி பண்ணுனேன், ஆறரைக்கெல்லாம் இறங்கி டீ குடிச்சிருக்கான்.

கஸ்டமர் கேருக்கு எழுதுனா பதில் ரெடிமேடா வருது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், அதோட 150 ரூவா கூப்பன், முப்பது நாளைக்குள்ள யூஸ் பண்ணணுமாம். திரும்ப அவன் பஸ்லயே ஏறணுமாம்!

அப்பதான் ஒரு வக்கீல் அண்ணன் ஒரு பழைய கேஸ சொன்னாரு. 2016ல அஜ்மீர் ஜம்மு எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் லேட்டு, ஒருத்தர் குடும்பத்தோட ஸ்ரீநகர் பிளைட்ட விட்டுட்டாரு, டாக்சிக்கு மட்டும் 15,000 செலவு. நுகர்வோர் கோர்ட்ல ஜெயிச்சாரு, ரயில்வே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2021ல அங்கயும் லேட்டுக்கு காரணம் என்னன்னு நிரூபிக்க முடியலன்னா நஷ்டத்த நீதான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ரயிலுக்கே அப்படின்னா ஸ்பிளெண்டர் ஏத்துனதுக்கு இவன் என்ன காரணம் சொல்லுவான்?

நானும் நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போட்டுட்டேன். ஆன்லைன்லயே போடலாம், இ-ஜாக்ரிதின்னு சைட் இருக்கு, நம்ம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், 2019 சட்டப்படி நாம இருக்க ஊர் மாவட்டத்துலயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்ல. கேஸ் போடலன்னாலும் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் சொல்லலாம். ட்ராக்கிங் ஸ்கிரீன்ஷாட், டிக்கெட், ஹால் டிக்கெட், எல்லாத்தையும் ஏத்தியாச்சு. அந்த பரோட்டா ஜிபே ரசீதும் ஒரு ஆவணம். டிக்கிய போட்டோ எடுக்காம விட்டேன், அது மட்டும் இன்னைக்கும் வயித்தெரிச்சல். நீங்க யாராச்சும் இப்படி மாட்டுனா மொதல்ல டிக்கியத்தான் போட்டோ எடுங்க.

கம்பெனிக்கு கோர்ட் நோட்டீஸ் போயிருச்சு. 30 நாள்ல பதில் போடணும், கேட்டா கூடுதலா 15 நாள் தரலாம், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாதுன்னு சட்டம். கம்பெனி வக்கீல் முப்பதாவது நாள் வந்து அந்த 15 நாளையும் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு.